ஜிடிஎக்ஸ் 1060-ஆ, ஆர்எக்ஸ் 580-ஆ? பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை!

புது கிராபிக்ஸ் கார்டின் விலையைப் பார்த்துவிட்டு யூஸ்டு மார்க்கெட் பக்கம் திரும்புகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படும் பெயர்கள் இரண்டு. ஒன்று என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060, மற்றொன்று ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580. இரண்டும் ஒரே வேகம்தான் என்று பலரும் சொல்வார்கள். அது ஓரளவுக்கு உண்மை. ஆனால் அதே பெயரில், வேகம் குறைந்த வேறு கார்டுகளும் விற்பனையில் இருக்கின்றன. கவனிக்காமல் வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

எப்போ வந்தது? என்ன விலை?

ஜிடிஎக்ஸ் 1060 (6 ஜிபி) 2016 ஜூலையில் வெளியானது. ஆரம்ப விலை 249 டாலர். ஆர்எக்ஸ் 580 2017 ஏப்ரலில் வந்தது. அதன் 8 ஜிபி மாடலின் ஆரம்ப விலை 229 டாலர். அப்போது பட்ஜெட் கேமர்களின் முதல் தேர்வு இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருந்தது.

ஒரு பார்வையில்...

ஜிடிஎக்ஸ் 1060 (6 ஜிபி)
• ஆர்க்கிடெக்சர்: பாஸ்கல், 16 நானோமீட்டர்
• கோர்: 1280
• பூஸ்ட் வேகம்: 1708 மெகாஹெர்ட்ஸ்
• மெமரி: 6 ஜிபி ஜிடிடிஆர்5, 192 பிட்
• மெமரி பேண்ட்வித்: விநாடிக்கு 192 ஜிபி
• மின்சாரம்: 120 வாட்

ஆர்எக்ஸ் 580 (8 ஜிபி)
• ஆர்க்கிடெக்சர்: போலாரிஸ், 14 நானோமீட்டர்
• கோர்: 2304
• பூஸ்ட் வேகம்: 1340 மெகாஹெர்ட்ஸ்
• மெமரி: 8 ஜிபி ஜிடிடிஆர்5, 256 பிட்
• மெமரி பேண்ட்வித்: விநாடிக்கு 256 ஜிபி
• மின்சாரம்: 185 வாட்

கோர் அதிகம்னா வேகமும் அதிகமா?

இல்லை. இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஆர்எக்ஸ் 580 எங்கேயோ போய்விட்டது போலத் தோன்றும். கணக்குப்படி அதன் கணிப்புத் திறன் சுமார் 6.2 டெராஃப்ளாப்ஸ். 1060-க்கு சுமார் 4.4 மட்டுமே. அதாவது 40 சதவீதம் வித்தியாசம். ஆனால் கேமில் அந்த 40 சதவீதம் கிடைக்காது.

காரணம், என்விடியா கோரும் ஏஎம்டி கோரும் ஒன்றல்ல. பாஸ்கல் சிப் அதிக வேகத்தில் ஓடும். இருக்கிற கோர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுக்கும். மெமரி டேட்டாவையும் நன்றாகச் சுருக்கி அனுப்பும். போலாரிஸில் கோர்கள் அதிகம் இருந்தாலும், பழைய டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் அவற்றில் ஒரு பகுதி சும்மாவே இருக்கும். எனவே கோர் எண்ணிக்கையை ஒரே கம்பெனியின் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடலாம். இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே ஒப்பிட்டால் ஏமாற்றம்தான்.

சரி, கேம்ல எது ஜெயிக்கும்?

1080பி ரெசல்யூஷனில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஜிடிஏ 5 போன்ற டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் 1060 முன்னே நிற்கும். பழைய பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேம்களில் 1060 கூடுதலாகக் கைகொடுக்கும். 2016-ல் வந்த டூம் கேமை வல்கனில் ஓட்டினால் 580 முந்தும். வல்கன், டைரக்ட்எக்ஸ் 12 ஆகியவை சும்மா இருக்கும் கோர்களுக்கும் வேலை கொடுப்பதால், பின்னாளில் வந்த பல கேம்களில் 580-ன் கை ஓங்கியது.

மெமரியும் முக்கியம். கேமின் டெக்ஸ்சர்கள் கார்டின் மெமரிக்குள் அடங்காவிட்டால், கம்ப்யூட்டர் ரேமிலிருந்து எடுத்து வர வேண்டும். அப்போது சராசரி எஃப்பிஎஸ் நன்றாக இருந்தாலும் நடுநடுவே படம் திக்கித் திக்கி நகரும். இங்கே 8 ஜிபி கார்டுக்கு லாபம்.

வீடியோ ரெக்கார்டிங், லைவ் ஸ்ட்ரீமிங், 3டி வேலை என்றால் 1060 பக்கம் தராசு சாயும். அதன் வீடியோ என்கோடர் தரமானது. 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0-ல் ஓப்பன்சிஎல் நீக்கப்பட்டதால், ஆர்எக்ஸ் 580-ஐ வைத்து சைக்கிள்ஸ் ரெண்டரிங் செய்ய முடியாமல் போனது. என்விடியா கார்டுகளுக்கு குடா வழி தொடர்ந்தது.

கரன்ட் பில், எஸ்எம்பிஎஸ்

இரண்டுக்கும் வித்தியாசம் 65 வாட். தினமும் 4 மணி நேரம் கேம் ஆடினால் மாதத்துக்குச் சுமார் 8 யூனிட் கூடும். அதைவிட முக்கியம் எஸ்எம்பிஎஸ். 1060-க்கு 400 வாட், 580-க்கு 500 வாட் எஸ்எம்பிஎஸ் பரிந்துரைக்கப்படுகிறது. 580-க்குப் பொதுவாக 8 பின் கனெக்டர் தேவை. அது இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இன்னொன்று, இரண்டிலும் விஜிஏ சிக்னல் வராது. பழைய மானிட்டர் என்றால் கன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும்.

பெயர் ஒண்ணு, கார்டு வேற!

பலர் ஏமாறுவது இங்கேதான். ஜிடிஎக்ஸ் 1060-ல் 3 ஜிபி மாடலும் உண்டு. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்தால் தவறு. அதில் கோர்களும் 1152 மட்டுமே.

ஆர்எக்ஸ் 580-ல் இதைவிடப் பெரிய குழப்பம். 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்காக 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்ற கார்டு வந்தது. இதில் 2048 கோர்கள்தான். உண்மையில் இது பெயர் மாற்றப்பட்ட ஆர்எக்ஸ் 570. ஆன்லைனில் மலிவு விலையில் வரும் '580 8 ஜிபி' கார்டுகளில் இதுவும் கலந்திருக்கிறது. 8 ஜிபி என்பது சரியாக இருப்பதால் சந்தேகமே வராது.

கண்டுபிடிப்பது சுலபம். ஜிபியூ-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்து 'ஷேடர்ஸ்' என்ற கட்டத்தைப் பாருங்கள். 1060 6 ஜிபி என்றால் 1280, அசல் 580 என்றால் 2304 என்று இருக்க வேண்டும். விற்பவரிடம் காசு கொடுக்கும் முன்பே இந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மைனிங் கார்டா?

2017, 2018-ல் எத்தீரியம் மைனிங்குக்காக ஆர்எக்ஸ் 580 அள்ளி வாங்கப்பட்டது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டதும், அந்தக் கார்டுகள் யூஸ்டு மார்க்கெட்டுக்கு வந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு எல்லாமே வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபேன் தேய்ந்திருக்கலாம், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், பயாஸ் மாற்றப்பட்டிருக்கலாம். அரை மணி நேரமாவது கனமான கேமை ஓட்டிப் பாருங்கள். திரையில் புள்ளி, கோடு வந்தாலோ, ஃபேனில் உரசல் சத்தம் கேட்டாலோ வேண்டாம்.

இனி எத்தனை நாள் ஓடும்?

இரண்டுக்குமே வயதாகிவிட்டது. போலாரிஸ் கார்டுகளை ஏஎம்டி 2023-ல் தனி டிரைவர் பிரிவுக்கு மாற்றி, அப்டேட்டுகளைக் குறைத்துவிட்டது. பாஸ்கலுக்கான புதுக் கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடியும், பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்தது.

இரண்டிலும் ரே டிரேசிங் ஹார்டுவேர் இல்லை. அதைக் கட்டாயமாகக் கேட்கும் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 'டூம்: தி டார்க் ஏஜஸ்' போன்ற கேம்களுக்கு இவை ஆகாது.

அப்போ எதை வாங்கலாம்?

• கேம் மட்டும்தான், 500 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது: 2304 கோர் உள்ள ஆர்எக்ஸ் 580 8 ஜிபி.
• ஸ்ட்ரீமிங், எடிட்டிங் உண்டு, அல்லது எஸ்எம்பிஎஸ் சிறியது: ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி.
• 1060 3 ஜிபி, 580 2048எஸ்பி: அசல் மாடலின் விலை சொன்னால் வாங்க வேண்டாம்.
• புத்தம்புதுக் கேம்கள்தான் ஆட வேண்டும்: இரண்டும் வேண்டாம். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, ரே டிரேசிங் உள்ள கார்டாகப் பாருங்கள்.