நீலத் தொப்பிக்கு ஒரு வேலி

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஐக்கிய நாட்டுச் சபையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். நீலத் தொப்பி அணிந்த அமைதிப்படை வீரரின் படத்தைக் கண்ட மாணவன் ஒருவன் எழுந்து, "சார், இவர் கையிலும் துப்பாக்கி இருக்கிறதே! இவரை யாராவது சுட்டால் அது குற்றமா, சண்டையா?" என்று கேட்டான். சிறுவன் கேட்ட கேள்விதான். ஆனால், உலக நாடுகள் அதற்குத் தெளிவான விடை எழுத அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த வரலாற்றையே இன்று நாம் காணப் போகிறோம்.

1948ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள். பாலஸ்தீனத்தில் அரபியருக்கும் யூதருக்கும் இடையே சமரசம் பேச ஐ.நா. அனுப்பிய சுவீடன் நாட்டுப் பெருமகன் போல்கே பெர்னாடோட், ஜெருசலம் நகரில் காரில் செல்லும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். யூதத் தலைமறைவு இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவர்களே அவரைக் கொன்றனர். உடன் சென்ற பிரெஞ்சு இராணுவ அதிகாரி ஒருவரும் மாண்டார்.

தன் ஊழியருக்காக நியாயம் கேட்க ஐ.நா.வுக்கு உரிமை உண்டா? அது ஒரு நாடு அல்லவே! இந்த ஐயத்தை அனைத்துலக நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். உரிமை உண்டு என்று 1949 ஏப்ரலில் அந்நீதிமன்றம் கருத்துரைத்தது. இஸ்ரேல் பின்னர் இழப்பீடும் செலுத்தியது. ஆனால், கொலையாளிகளோ அக்கொலைக்காக எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. பணம் வந்தது, நீதி வரவில்லை.

ஆண்டுகள் உருண்டன. 1993 ஜூன் மாதம் சோமாலியாவின் மொகடிஷு நகரில் பாகிஸ்தானிய வீரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில், அந்நகரில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கக் கவச வண்டிகளில் சென்ற நம் மலேசிய வீரர்களில் ஒருவர் உயிர் துறந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் ருவாண்டாவில் பெல்ஜிய வீரர் பத்துப் பேர் படுகொலையுண்டனர்.

இனியும் பொறுப்பதற்கில்லை என்ற நிலையில், 1994 டிசம்பர் 9ஆம் நாள் ஐ.நா. பொதுச் சபை, தன் பணியாளரின் பாதுகாப்புக்கென ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. 22 நாடுகள் உறுதி செய்தபின், 1999 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

அது கூறுவது என்ன? அமைதிப் பணியாளரைத் தாக்குவதும் கடத்துவதும் குற்றம். பிடிபட்டவரை விரைவில் விடுவிக்க வேண்டும். குற்றவாளி எந்த உறுப்பு நாட்டில் ஒளிந்தாலும், அந்நாடு அவனை விசாரிக்க வேண்டும். அல்லது விசாரிக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். பெர்னாடோட் கொலையில் இல்லாமற்போன கதவு இதுதான்.

மாணவனுக்கு நாம் இப்படி விளக்கினோம்: தோட்டத்துத் திடலில் காற்பந்து ஆடுகிறீர்கள். நடுவரை அடிக்கலாமா? கூடாது. ஆனால், நடுவரே ஒரு குழுவோடு சேர்ந்து பந்தை உதைத்தால், அவர் நடுவரல்லர். அதுபோல, பாதுகாப்பு மன்றத்தின் கட்டளைப்படி ஐ.நா. வீரர்களே போராளிகளாக நின்று ஒரு படையோடு போரிடும்போது இவ்வொப்பந்தம் பொருந்தாது. அங்கே போர்ச் சட்டமே பேசும்.

காகிதத்தோடு இது நின்றுவிட்டதா? இல்லை. 1998இல் ரோம் நகரில் உருவான சட்டம், அமைதிப்படையைத் தாக்குவதைப் போர்க்குற்றமாக்கியது. 2000ஆம் ஆண்டு சியரா லியோனில் அமைதிப்படையினரைத் தாக்கிச் சிறைபிடித்த கிளர்ச்சித் தலைவர்களை, அந்நாட்டுக்கென அமைந்த தனி நீதிமன்றம் 2009இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

நேயர்களே, சட்டம் துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது. கையெழுத்திடாத நாட்டை அவ்வொப்பந்தம் கட்டுப்படுத்தாது. வேலி இருந்தும் ஆடு மேய்வதுண்டு. அதற்காக வேலியே வேண்டாம் என்போமா? 1960இல் காங்கோவுக்கும், 1993இல் சோமாலியாவுக்கும், 2007இல் லெபனானுக்கும் நம் நாட்டுப் பிள்ளைகள் சென்றார்கள். பிறர் வீட்டுச் சண்டையை விலக்கப் போன பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால், பெற்ற தாய்க்கு இழப்பீடு மட்டும் போதாது, நீதியும் வேண்டும்.