காதுக்குள் ஓடும் தறி



விசைத்தறி ஓட்டும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், ராத்திரி படுத்தா காதுக்குள்ள தறி ஓடுற மாதிரியே இருக்கு. வீட்டுல யாருகிட்டயும் சொல்லல. இது என்ன நோய்?" அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வரலாற்றுப் பாடம் எடுத்துப் பழகிய வாய், முந்நூறு வருடம் பின்னால் போய்த்தான் தொடங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டு, 1713இல் அதை விரிவாக்கினார். நோயாளியிடம் "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கட்டாயம் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். வெனிஸ் நகரில் செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் ஒரே பகுதியில் குடியிருந்தார்கள், நம் ஊர்க் கன்னார் தெரு மாதிரி. நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். அவர்களுக்குக் காது மந்தமாகி, வயதானபோது முற்றிலும் செவிடாகிப் போவதை ராமஸ்ஸினி எழுதி வைத்தார்.

எழுதி வைத்தும் என்ன? நீராவி யுகம் வந்தது, சத்தம் பல மடங்கு பெருகியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கப்பல்களுக்குக் கொதிகலன் செய்தார்கள். வெளியே ஒருவர் ரிவெட் ஆணியைச் சம்மட்டியால் அடிப்பார், கொதிகலனுக்கு உள்ளே இன்னொருவர் அந்த ஆணியைத் தாங்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பவரின் காதை நினைத்துப் பாருங்கள்! 1886இல் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் கொதிகலன் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தார். கைக்கடிகாரம் பரவலாகாத காலம். பாக்கெட் கடிகாரத்தின் டிக் டிக் ஓசை எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்பதுதான் சோதனை. ஒப்பிட்டுப் பார்க்கத் தபால்காரர்கள் 100 பேர். எளிமையான, நேர்மையான ஆய்வு; எனக்கு மிகவும் பிடித்தது. கொதிகலன்காரர்களில் ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. பொதுக்கூட்டத்தில் பேசுவதைக் கேட்க நான்கில் மூன்று பேர் சிரமப்பட்டார்கள்.

ஏன் இப்படி? உள்காதில் சுமார் 15,000 மயிர் செல்கள் இருக்கின்றன. பெரும் சத்தம் அவற்றைச் சிதைக்கும். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. வரவேண்டிய ஒலி குறைந்ததும் மூளை தானே உணர்வைக் கூட்டிக்கொள்கிறது. அதுதான் இரைச்சலாகக் கேட்கிறது என்கிறார்கள்.

இன்னொன்று, வெட்கம். இசைமேதை பீத்தோவன் 1801இல் தம் நண்பரான மருத்துவர் வெகெலருக்கு எழுதிய கடிதத்தில், காதில் இரவும் பகலும் இரைச்சல் என்றும், இரண்டு வருடமாக யாருடனும் கலப்பதில்லை என்றும் சொல்லி, இதை ரகசியமாக வைக்கவும் கேட்டுக்கொண்டார். அடுத்த வருடம் உயிரை விடும் எண்ணம் வரைக்கும் போய்த் திரும்பினார். ஆகவே தம்பிகளே, முதலில் வீட்டில் சொல்லுங்கள்.

இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. இருக்கிறது என்று விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். சில பேருக்கு வெறும் காதுக் குரும்பிதான் காரணம். மருத்துவர் எடுத்துவிட்டால் தீர்ந்தது. கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவியே இரைச்சலையும் தணிப்பதுண்டு. நிசப்தமான அறையில் அது பெரிதாகத் தெரியும். மின்விசிறியோ, மெல்லிய பாட்டோ ஓடட்டும். போகப்போக மனம் அதைக் கவனிப்பதை விட்டுவிடும், பலருக்கும் அப்படித்தான்.

தறிக்கூடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், 88 ஆனால் 4 மணி, 91 ஆனால் 2 மணிதான் என்பது அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. நம் தொழிற்சாலை விதி 8 மணிக்கு 90 வரை விடுகிறது. எனக்கு அது அதிகமாகத்தான் படுகிறது. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் ஆபத்தானது. பஞ்சு வைப்பது போதாது. காதடைப்பான் வாங்கி, நன்றாக உள்ளே பொருந்தும்படி வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளின் இயர்போன் சத்தத்திலும் கவனம் வேண்டும்.

ஒரே நாளில் ஒரு காது கேட்காமல் போனாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து சத்தம் வந்தாலோ, நாள் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீரென்று கேட்காமல் போனதற்குச் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன் அதிகம்.