கடாரமும் சோழநாடும்: நட்பும் வணிகமும் பகையும்

‘கடாரம் கொண்டான்’ என்னும் விருதுப்பெயரைக் கேட்டு மகிழாத தமிழ் மாணவர் அரியர். ஆயினும், அக்கடாரம் இன்று நாம் வாழும் மலேசிய மண்ணின் கெடா மாநிலமே என்பதை எண்ணும்போது ஒரு கேள்வி எழுகிறது. இரு நாடுகளின் உறவைப் போர் என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியுமா? கல்வெட்டுகளும் செப்பேடுகளும் முடியாது என்றே விடையளிக்கின்றன.

இவ்வுறவு சோழப் பேரரசுக்கும் முற்பட்டது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருள்களைப் பட்டியலிடும் இடத்தில் ‘காழகம்’ என வருவது கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்கம் தந்தார். வங்கக் கடலைக் கடந்து மலாக்கா நீரிணையில் நுழையும் மரக்கலங்களுக்கு ஜெராய் மலை தொலைவிலிருந்தே தெரியும் அடையாளமாக நின்றது. அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த மணிகளும் சீனப் பீங்கான் ஓடுகளும் அங்கு நடந்த வணிகத்திற்குச் சான்று பகர்கின்றன.

நட்பின் சிறந்த சான்று நாகப்பட்டினத்தில் உள்ளது. ஸ்ரீவிஜயத்திற்கும் கடாரத்திற்கும் மன்னனான சூடாமணிவர்மன் அங்கு ஒரு பௌத்த விகாரம் எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். சைவனாகிய முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரை அவ்விகாரத்திற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். பெண்யானையை நடத்தி எல்லை வகுத்த அவ்வூரின் நிலம் 97 வேலி; அதன் நெல் வருவாய் 8,900 கலத்திற்கும் மேல். இச்செய்தியைக் கூறும் 21 ஏடுகளே ஆனைமங்கலப் பெரிய செப்பேடுகள்.

கடாரத்தாரும் கைம்மாறு மறந்தாரல்லர். நாகைக் காயாரோகணர் கோயிலுக்கு அம்மன்னனின் முகவர் அணிகலன்களும் சீனப் பொன்னும் வழங்கியதை அக்கோயில் கல்வெட்டுகள் பதிவு செய்துள்ளன. பௌத்த மன்னன் சிவன் கோயிலுக்கும், சைவ மன்னன் பௌத்தப் பள்ளிக்கும் கொடை அளித்தனர். அயல்நாட்டு வணிகர் அச்சமின்றித் தங்கவும், அவர் வழிபாட்டிற்குக் காப்பு இருக்கவும் இத்தகைய நம்பிக்கை தேவைப்பட்டது.

இவ்வளவு நெருங்கிய நட்பு 1025இல் முறிந்தது. முதலாம் இராஜேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், கடாரம் முதலிய இடங்களைத் தாக்கியது. மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். தந்தையின் ஆனைமங்கலக் கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவனும் இதே இராஜேந்திரன்தான் என்பது சிந்திக்கத்தக்கது. காரணம் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1015இல் சோழத் தூதுக்குழு சீனத்தின் சோங் அரசவையை அடைந்திருந்தது; சீனம் செல்லும் கடல்வழியின் வாயிலோ ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. அவ்வழியில் எழுந்த வணிகப் போட்டியே போருக்கு வித்திட்டது என்பது பலர் ஏற்கும் கருத்து. நட்பை வளர்த்த அதே வணிகம் பகைக்கும் காரணமாயிற்று எனலாம்.

ஆனால் வரலாறு 1025உடன் முடியவில்லை. 1088ஆம் ஆண்டில் சுமத்திராவின் பாருஸ் பகுதியில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டுப் பொறித்தனர். அங்கு வரும் மரக்கலத்தார், கஸ்தூரி விலையை அடிப்படையாகக் கொண்டு, பொன்னாகச் செலுத்தவேண்டிய கட்டணத்தை அது வரையறுக்கிறது. இரண்டாண்டுகள் கழித்து, 1090இல், கடாரத்து அரசனின் தூதர் இருவர் முதலாம் குலோத்துங்கனை அணுகினர். நாகை விகாரங்களுக்குரிய ஊர்களின் வரிகளை நீக்கித் தரவேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள், மன்னன் இசைந்தான். ஆனைமங்கலச் சிறிய செப்பேடுகள் மூன்றும் இதனைக் கூறுகின்றன. போர் நடந்து 65 ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய கொடை செல்லுபடியாயிருந்தது. தூது வரும் வழியும் அடைபடவில்லை.

ஆசிரியப் பெருமக்கள் இப்பாடத்தைக் கற்பிக்கும்போது, வென்றவர் யார் என்ற வினாவோடு நின்றுவிடலாகாது. வகுப்பில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் தமிழின் வழித்தோன்றல்கள். அதேவேளை கடாரத்து மண்ணின் மக்களும் ஆவர். மெய்க்கீர்த்தியை மட்டும் படித்தால் அவர்கள் ஒரு பாதியையே அறிவர். வெற்றியைப் பாடும் மெய்க்கீர்த்தியோடு, கொடுத்ததையும் கொண்டதையும் கணக்கிட்டுச் சொல்லும் செப்பேடுகளையும் அவர்கள் கையில் கொடுப்போம். மீண்டும் தூது அனுப்பும் துணிவு கடாரத்துக்கு எதனால் வந்தது என்று அவர்களே வினவட்டும்.