புதிய மீனும் பொறுத்திருக்கும் நாட்களும்

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை, கூடூரை அடையுமுன் தடா என்னும் சிறு நிலையத்தைக் கடந்து செல்கிறது. கொல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் தமிழர் பலர் ஊருக்கு வந்து திரும்புவது இவ்வழியேதான். தமிழக எல்லையைத் தாண்டியவுடன் ஆந்திர மண்ணில் அமைந்த ஊர் இது. முன்பு நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022-ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் உவர்நீர் பரந்து கிடக்கின்றது. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் மீன் வளர்க்க விரும்பும் அன்பர்கள் அறிந்துகொள்ளவேண்டிய பாடம் ஒன்று இக்கடற்கரைப் பகுதியின் வரலாற்றில் உண்டு.

1990-களின் தொடக்கத்தில் நெல்லூர்க் கடலோரம் எங்கும் இறால் பண்ணைகள் பெருகின. நெல் விளைந்த நிலங்களும் குளங்களாக வெட்டப்பட்டன. வரி இறால் எனப்படும் பெரிய இனத்துக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. இந்நிலையில் 1994-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வெண்புள்ளி நோய் பரவி, பண்ணைகளைப் பாழாக்கிற்று. நோய் கண்ட குளத்தில் சில நாட்களுக்குள் இறால்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. கடன் வாங்கி முதல் போட்ட குடும்பங்கள் நிலைகுலைந்தன. இந்நோயின் காரணம் கண்ணுக்குப் புலனாகாத ஒரு வைரசு. இறால் குஞ்சுகளோடும் தாய் இறாலோடும் அது குளத்துக்குக் குளம் சென்றது. ஒரு பண்ணை வெளியேற்றிய நீரை மற்றொரு பண்ணை உள்வாங்கியதனாலும் பரவியது. வந்த குஞ்சுகள் பார்வைக்கு நலமாகவே இருந்தன. அந்தத் தோற்றத்தை நம்பியதே கேடாயிற்று.

புதிதாக வந்ததைச் சிலகாலம் தனியே வைத்துப் பார்த்தல் என்னும் வழக்கம் புதியதன்று. கொள்ளைநோய்க்கு அஞ்சிய ஏட்ரியாட்டிக் கடற்கரை நகரமாகிய ரகுசா, 1377-ஆம் ஆண்டிலேயே நோயுள்ள இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாள் வெளியே நிறுத்திற்று. வெனிசு நகரம் 1423-இல் இதற்கென ஒரு தீவையே ஒதுக்கிற்று. நாளடைவில் முப்பது நாள் நாற்பதாயிற்று. நாற்பது என்னும் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்தே குவாரண்டைன் என்ற பெயர் வந்தது.

தமிழ் மக்கள் இச்சொல்லின் பொருளை நூல்களில் படித்து அறிந்தவர்கள் அல்லர், உடலால் அறிந்தவர்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் மண்டபம் முகாம் வழியாகச் சென்றனர். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. வாந்திபேதி, அம்மை முதலிய நோய்களுக்கு அஞ்சி அவர்களைச் சில நாட்கள் அங்கே தங்கவைத்து, அம்மை குத்தி, சோதித்துப் பின்னரே கப்பலேற்றினர். தோட்டத் தொழிலாளருக்கு இருந்த கட்டாயம் மேல்வகுப்புப் பயணிகளுக்கு அதே அளவில் இருந்ததில்லை. கிருமியோ பயணச்சீட்டைப் பார்த்து ஒட்டிக்கொள்வதில்லை. நோயின் இயல்பைப் பார்த்து நாட்களைக் கணக்கிட்டால் அது காப்பு. ஆளின் தரத்தைப் பார்த்துக் கணக்கிட்டால் அது அவமதிப்பு. இவ்வேறுபாட்டை அம்முகாமின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

காலம் செய்த விந்தை ஒன்றையும் இங்கே கூறவேண்டும். 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1949-இல் இதே மண்டபம் முகாமில் தன் தலைமையிடத்தை அமைத்துக்கொண்டது. 1971-இல் தலைமையிடம் கொச்சிக்கு மாறியபோதும், மண்டபத்தில் அதன் வட்டார மையம் தொடர்ந்து நடைபெறுகிறது. அழகுக்காக வளர்க்கப்படும் கோமாளி மீன் முதலிய கடல் மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முயற்சி அங்கே வெற்றி கண்டிருக்கிறது. மனிதர் காத்திருந்த ஊர் மீன்களைப் பேணும் ஊராகவும் ஆயிற்று.

இனி வீட்டுத் தொட்டிக்கு வருவோம். கடல் மீனுக்கும் வெண்புள்ளி நோய் உண்டு. பெயர் ஒன்றாயினும் இறாலைக் கொன்ற வைரசு வேறு. இது கிரிப்டோகாரியான் என்னும் ஒட்டுண்ணி. அதன் வாழ்க்கையை அறிந்தால், ஏன் காத்திருக்கவேண்டும் என்பது விளங்கும். மீனின் தோலிலும் செவுளிலும் அது மூன்று முதல் ஏழு நாள் வரை தங்கிக் கொழுக்கிறது. பின்னர் உதிர்ந்து தொட்டியின் தரையில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டுகிறது. அப்போது மீன்மேல் புள்ளி இராது. நோய் நீங்கிற்று என்று வளர்ப்பவர் மகிழ்வார். ஆனால் ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கான இளம் உயிர்கள் வெளிவந்து மீண்டும் மீனைத் தேடும். பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் வெடித்துவிடும். 72 நாள் வரை பொறுத்து வெடித்தனவும் உண்டு. ஒரே ஒரு மீன் கொண்டுவந்த நோய், தொட்டி முழுவதையும் சூறையாடிவிடும்.

முதன்மைத் தொட்டியில் மருந்து இட்டால் என்ன என்று கேட்கலாம். ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு மருந்து, பவளத்தையும் இறாலையும் நத்தையையும் சேர்த்தே கொன்றுவிடும். ஆகவேதான் தனித்தொட்டி வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. மணல் பரப்பாத வெறுந்தொட்டி, மீன் ஒளிந்துகொள்ளக் குழாய்த் துண்டுகள், முன்பே வேறொரு தொட்டியில் வைத்துப் பழக்கிய பஞ்சு வடிகட்டி ஆகியவை போதும். வலையும் வாளியும் தனியே இருத்தல் வேண்டும். கை நனைந்தால் கழுவிய பின்னரே மற்றத் தொட்டியைத் தொடவேண்டும். சிறு தொட்டியில் அம்மோனியா விரைவில் ஏறுமாதலால் நீரை அடிக்கடிச் சோதித்து மாற்றவேண்டும். குறைந்தது நான்கு வாரம் மீனை அங்கே வைத்து, அது இரை எடுப்பதையும் மூச்சு விடுவதையும் கவனித்தல் நலம்.

மருந்தின்றியும் ஒரு வழி உண்டு. மூன்று நாளுக்கு ஒருமுறை மீனை மட்டும் வேறொரு தூய தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டியை நன்கு கழுவி உலர்த்துவர். உதிர்ந்த ஒட்டுண்ணிகள் கூட்டோடு அங்கேயே தங்கிவிடும். அவை வெடிக்குமுன் மீன் அப்பால் சென்றிருக்கும். நான்கு முறை இவ்வாறு மாற்றினால் மீன் பெரும்பாலும் தூய்மையாகும். வெண்புள்ளிக்கே இம்முறை பொருந்தும். பிற நோய்கள் வெளிப்பட மேலும் சில நாட்கள் காத்திருத்தல் நன்று.

நெல்லூர்க் கரை பெற்ற அடி வீண்போகவில்லை. கடலோரப் பண்ணைகளை முறைப்படுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த ஆணையம் சென்னையில் இருந்து செயலாற்றுகிறது. அமெரிக்கக் கரைகளுக்குரிய வெள்ளைக்கால் இறாலைப் பரவலாக வளர்க்க 2009-இல் இசைவு அளிக்கப்பட்டபோது, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் நிலையம் ஒன்றும் நிறுவப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் அங்கே தங்கவைக்கப்பட்டு, வைரசு உண்டா என்று சோதிக்கப்பட்ட பின்னரே குஞ்சு பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. 1994-இல் அத்தகைய வாயில் இல்லை. வேண்டும் என்று உணர்த்தியது அவ்வாண்டின் இழப்பேயாகும்.

அந்த நிலையம் நாட்டுக்குச் செய்வதைத்தான் வீட்டின் ஒரு மூலையில் வைத்த சிறு தொட்டி நம் மீன்களுக்குச் செய்கிறது. விலையுயர்ந்த மீனாயினும், நண்பர் அன்போடு தந்த மீனாயினும், விதி ஒன்றாகவே இருக்கட்டும். அயலூரில் புதியவராய்க் குடியேறி, அங்குள்ளோர் நம்மை அறிந்துகொள்ளும்வரை பொறுத்திருந்த நமக்கு, புதிய மீனுக்கு நான்கு வாரம் அளிப்பது கடினமன்று. அந்நாட்களில் அதற்குத் தூய நீரும் நல்ல இரையும் இருட்டில் ஒதுங்க ஓர் இடமும் தருவது நம் கடமை. அவ்வாறு செய்தால், காத்திருக்கும் நாட்கள் அதற்குச் சிறைவாசம் ஆகா. கடலிலிருந்து வந்த களைப்புத் தீரும் ஓய்வாகவே அமையும்.