ஒருத்திக்குத் திறக்காத கதவு



கெடா மாநிலத்தில் ஜெராய் மலையின் அடிவாரத்தில், பீடோங்கிலிருந்து மெர்போக் செல்லும் சாலையில் உள்ளது செமிலிங். ரப்பர்த் தோட்டங்களால் அறியப்பட்ட வட்டாரம் அது. 2001-இல் தொடங்கப்பெற்ற ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் வளாகம் இன்று அங்கே இருக்கிறது. அங்கே பெண்கள் மருத்துவம் படிக்கிறார்கள் என்றால் நமக்கு இப்போது வியப்பில்லை. ஆனால், இரண்டு தலைமுறைக்கு முன்னால் இதே வட்டாரத்துத் தோட்ட லயங்களில் நம் பாட்டிமார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எண்ணிப் பார்ப்போம். இருட்டு விலகுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனார்கள். நோய் வந்தால் தோட்டத்து டிரசரிடம் போகவேண்டும். டிரசர்கள் பெரும்பாலும் ஆண்கள். காய்ச்சல், தலைவலி என்றால் சொல்லலாம். பெண்ணுக்கே உரிய நோயை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர்! கூச்சம் என்று நாம் சிறிதாக நினைப்பது ஓர் உயிரையே வாங்கிவிடக்கூடியது.

இந்த நிலையை மாற்றியவர்கள் யார்? பெண் மருத்துவர்கள் என்று சட்டென்று விடை சொல்லிவிடலாம். ஆனால், அந்தப் பெண்கள் மருத்துவர்கள் ஆனது எப்படி என்று தேடினால், தனி ஒருத்தியின் வரலாறு நமக்குக் கிடைப்பதில்லை. சேர்ந்து நின்றவர்களின் வரலாறே கிடைக்கிறது. அதைத்தான் இன்று காணப்போகிறோம்.

1869-ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க விரும்பி விண்ணப்பம் செய்தார் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்னும் பெண்மணி. ஒரே ஒரு பெண்ணுக்காகத் தனி ஏற்பாடு செய்ய இயலாது என்பது பல்கலைக்கழகத்தின் முடிவு. வேறொருவராக இருந்தால் அதோடு வீடு திரும்பியிருப்பார். அவரோ, தம்மோடு சேர விரும்பும் பெண்கள் வரலாம் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். எழுவர் சேர்ந்தனர். 1870 நவம்பர் 18-ஆம் நாள் அவர்கள் தேர்வு எழுதச் சென்றபோது, ஒரு பெருங்கூட்டம் வழிமறித்துச் சேற்றை வாரி வீசியது. வாயிற்கதவு அவர்கள் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது. தேர்வு மண்டபத்துக்குள் ஓர் ஆட்டையும் விரட்டிவிட்டார்கள். ஆயினும், அந்த மாணவர்களிடையே நல்லவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்களுக்குத் துணையாக உடன் நடந்து சென்ற ஆண் மாணவர்கள் உண்டு என்பதையும் வரலாறு மறக்கவில்லை.

வழக்காடியும் அந்த எழுவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆனால், சோபியா 1874-இல் லண்டனில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி தோன்ற வழிவகுத்தார். அந்தப் பள்ளிக்கும் நம் தமிழ் மண்ணுக்கும் தொடர்பு உண்டு.

சென்னையில் வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாக வாழ்ந்தவர் மேரி ஷார்லீப். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதற்கு இடங்கொடாமல், பிள்ளைப்பேற்றின்போது பெண்கள் மாண்டுபோவதை அறிந்து அவர் மனம் வருந்தினார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்கு வாயில் திறந்தபோது சேர்ந்த நால்வருள் அவரும் ஒருவர். இங்கும் ஒருவர் அல்லர், நால்வர் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே சான்றிதழ் பெற்றபின், அவர் மேற்படிப்புக்குச் சென்றது அந்த லண்டன் பள்ளிக்குத்தான். சென்னை திரும்பிய அவருடைய முயற்சியால் 1885-இல் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்று தோன்றியது. மக்கள் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் பெற்றிருப்பது அதுவே. எடின்பரோவில் சாத்திய கதவு, சுற்றி வந்து திருவல்லிக்கேணியில் திறந்தது!

அடுத்து வேலூர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிள்ளைப்பேற்றில் இறந்ததைக் கண்டு மருத்துவரானவர் ஐடா ஸ்கடர். உதவிக்கு அவரை அழைத்தவர்கள் உண்டு. ஆனால், அவர் மருத்துவம் அறியாதவர். மருத்துவம் அறிந்த அவர் தந்தையோ ஆண் என்பதால் வேண்டாம் என்றார்கள். ஐடா 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். விண்ணப்பிக்க யார் வருவார்கள் என்று ஐயுற்றவர்கள் வியக்கும்படி நூற்றைம்பது பேருக்கு மேல் விண்ணப்பித்தனர். முதல் அணியில் பதினால்வர் 1922-இல் தேறி வெளிவந்தனர். அமெரிக்க நாட்டில் மகளிர் சங்கங்கள் திரட்டி அனுப்பிய பொருள் அந்தப் பள்ளி வளர்வதற்குத் துணை நின்றது.

கடல் கடந்த உதவியால்தான் இது நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. அந்தத் துயரத்தை அவர் தம் வீட்டுக்குள் வைத்துப் பூட்டவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை அந்தப் பணியிலேயே வாழ்ந்தார். ஒருவர் ஏற்றிய விளக்குக்கு எண்ணெய் வார்க்கப் பலர் வேண்டும் என்பதற்கு அடையாறு ஒரு சான்று.

சரி, நேயர்களே, இனி நம் நாட்டுக்கு வருவோம். பெண் மருத்துவர்கள் நிறைந்துவிட்டார்கள். எனவே கூச்சம் ஒழிந்துவிட்டதா? இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய். அதற்கான தடுப்பூசியைப் பதின்மூன்று வயது மாணவியருக்குப் பள்ளியிலேயே போடும் திட்டம் மலேசியாவில் 2010-இல் தொடங்கியது. அம்மாவும் அத்தையும் செய்துகொள்ள வேண்டியது பரிசோதனை. அதற்குத்தான் தயக்கம். இந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டு, பெண் தன் மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கும் முறையை மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் செய்து பார்த்தனர். அதிலிருந்து அடுத்த ஆண்டு ரோஸ் அறக்கட்டளை பிறந்தது. சோதனையின் முடிவு கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. கோஷா ஆஸ்பத்திரி அன்று செய்த வேலை இதுதான்: பெண்ணின் கூச்சத்தைப் பழிக்காமல், அதற்கு ஏற்ற வழி கண்டது.

இங்கேதான் மாணவர் குழுக்களுக்கு வேலை இருக்கிறது. அறிவுக்கூடத்தில் செய்தி உண்டு. ஆனால், லயத்து வாசலிலும் தாமான் வீட்டுத் திண்ணையிலும் அமர்ந்து, தமிழில், பொறுமையாக, "பயப்படாதீங்க அம்மா, நாங்களும் கூட வர்றோம்" என்று சொல்ல ஆள் வேண்டும். மருத்துவம் படிக்கும் பத்துப் பெண்கள் ஒன்று சேர்ந்தால் அதைச் செய்யலாம். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி தளரும்போது, மற்றவர்கள் அவளைத் தாங்கிப் பட்டம்வரை கொண்டு சேர்க்கவும் செய்யலாம். ஆண் மாணவர்களும் உடன் வரட்டும். எடின்பரோவிலும் வந்தார்கள் அல்லவா?

அந்த எடின்பரோ எழுவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதே பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டம் வழங்கியது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு தாமதம்! பெற்றுக்கொள்ள அவர்கள் உயிரோடு இல்லை. அவர்களுக்காக மேடை ஏறி அதைக் கை நீட்டிப் பெற்றவர்கள் அங்கே அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவியர்.