அல்மாஊன் பாடம் நடத்திய ஆசிரியர்

மார்க்கக் கல்வி ஆசிரியரின் வேலை, மாணவனுக்கு ஓதக் கற்றுக்கொடுப்பதோடு முடிந்துவிடுகிறதா? இந்தக் கேள்விக்கு இந்தோனேசிய வரலாற்றில் ஒரு நல்ல விடை இருக்கிறது.

ஜாவாத் தீவிலுள்ள யோக்யகர்த்தாவில் 1868இல் பிறந்தவர் அஹ்மத் தஹ்லான். மக்கா சென்று மார்க்கக் கல்வி பயின்றவர். நாடு அப்போது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. டச்சுப் பள்ளிகளில் இஸ்லாம் கற்பிக்கப்படவில்லை. மார்க்கப் பாடசாலைகளிலோ பெரும்பாலும் கணக்கும் அறிவியலும் இல்லை. இரண்டையும் சேர்க்க நினைத்த தஹ்லான், 1911இல் தம் வீட்டிலேயே மேசை, நாற்காலி, கரும்பலகையோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். இது காஃபிர்களின் முறை என்று பலர் ஏசினார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1912 நவம்பர் 18 அன்று முஹம்மதியா இயக்கத்தைத் தோற்றுவித்தார்.

அவர் பாடம் நடத்திய விதம் பற்றி ஒரு செய்தி இன்றும் சொல்லப்படுகிறது. குர்ஆனின் 107ஆவது அத்தியாயமான அல்மாஊனையே அவர் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தார். ஏழே வசனங்கள்தான். அநாதையை விரட்டுபவனையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும், பிறர் பார்க்கத் தொழுபவனையும் கண்டிக்கும் அத்தியாயம் அது. "இதைத்தான் மனப்பாடம் செய்துவிட்டோமே, அடுத்த பாடத்துக்குப் போகலாமே" என்றார்கள் மாணவர்கள். "செயலில் காட்டினீர்களா?" என்று கேட்டார் தஹ்லான். தொழுகையில் ஓதுகிறோம் என்று பதில் வந்தது. ஊருக்குள் போய் ஏழைகளைத் தேடிக் குளிப்பாட்டி, உடையும் உணவும் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. அவருடைய மாணவர் சுஜா, 1920இல் நடந்த கூட்டமொன்றில் மருத்துவமனையும் ஏழைகள் இல்லமும் கட்டுவோம் என்றபோது பலர் சிரித்தார்களாம். ஆனால் 1923இல் யோக்யகர்த்தாவில் ஏழைகளுக்கான மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. தஹ்லான் மறைந்ததும் அதே ஆண்டில்தான். இன்று முஹம்மதியாவுக்கு நாடெங்கும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் இருக்கின்றன.

சுதந்திர இந்தோனேசியாவில் 1966 முதல் பள்ளிகளில் சமயக் கல்வி கட்டாயப் பாடமானது. பாடமென்று வந்துவிட்டால் தேர்வும் மதிப்பெண்ணும் கூடவே வரும். அல்மாஊனைப் பிழையில்லாமல் எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். ஆனால் அவன் தெருவில் ஓர் அநாதைச் சிறுவனைக் கண்டால் என்ன செய்வான் என்பதை எந்த விடைத்தாளும் காட்டாது. அதையும் கேட்கும் ஆசிரியரே மாணவனின் பண்பை உருவாக்குகிறார்.