குழவியின் இருமொழிமை: ஒரு வரைவிலக்கணத்தின் வரலாறு

இரு மொழிகளையும் தாய்மொழிபோல் ஆளும் ஆற்றலே இருமொழிமை என அமெரிக்க மொழியியலறிஞர் லெனாட் புளூம்பீல்ட் 1933இல் வரையறுத்தார். வளர்ந்தோர்க்கே இது கடுமையான அளவுகோல். ஒரு மொழியையேனும் முற்ற ஆளாத இரண்டு வயதுக் குழவிக்கு இது பொருந்துமாறு எங்ஙனம்? 1953இல் ஐனர் ஹோகன் இதனைத் தளர்த்தி, பிறமொழியிற் பொருள் நிரம்பிய முழுக்கூற்றுக்களை ஆக்கத் தொடங்கும் நிலையிலேயே இருமொழிமை தொடங்குகின்றது என்றார். எனினும் இருவரும் வாயிலிருந்து வருவதையே நோக்கினர். செவியிற் புகுவதை நோக்கினாரல்லர்.

குழந்தையையே நேரிற் கூர்ந்து நோக்கியோர் இவர்களுக்கு முன்னரும் இருந்தனர். பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஷா, தம் மகனுடன் தாம் பிரெஞ்சு மொழியிலும் தம் மனைவி யேர்மன் மொழியிலும் மாத்திரமே பேசுவதென ஒழுங்கு செய்தார். ஒருவர்க்கு ஒரு மொழி என்னும் இவ்விதியை அவர்க்கு உரைத்தவர் மோரிஸ் கிராமோன் என்னும் அறிஞராவர். மகன் இரண்டையும் குழப்பமின்றித் தனித்தனியே கற்றான் என 1913இல் வெளியான ரோன்ஷாவின் நூல் கூறும். அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகப் பேராசிரியர் வேர்னர் லியோபோல்ட் 1939 முதல் 1949 வரை நான்கு பாகங்களில் தம் மகளின் பேச்சை ஆராய்ந்து வெளியிட்டார். அவ்வீட்டிலே தந்தை யேர்மன், தாய் ஆங்கிலம். அவர் கண்டதோ வேறு. முதலீராண்டுகளில் அம்மகள் இருமொழிச் சொற்களையும் ஒரே தொகுதியாக வழங்கினாள் என்றார் அவர்.

இவை இரண்டும் மொழியறிஞர் இல்லங்களிற் பிறந்த நூல்கள் என்பதை மறத்தலாகாது. உலகில் இருமொழி கேட்டு வளரும் குழந்தைகளுட் பலர் ஒரே பாட்டியின் வாயிலிருந்தே இரண்டையும் கேட்பவர். அவர்க்குப் பேராசிரியர் வீட்டொழுங்கு இல்லை.

1978இல் விர்ஜினியா வொல்ற்றேராவும் ட்றவுற்றே ரேஷ்னரும் இத்தாலியமும் யேர்மனும் பேசும் குழந்தைகளை ஆராய்ந்து மூன்று படிகளை வகுத்தனர். முதற்படியிற் குழந்தைக்கு உள்ளது ஒரே சொற்றொகுதி. அடுத்ததிற் சொற்றொகுதி இரண்டு, வாக்கிய விதி ஒன்று. மூன்றாவதிலேயே மொழிகள் முற்றப் பிரியும் என்றனர். இதனை ஏற்பின், மழலைப் பருவத்தில் இருமொழிமை என ஒன்று இல்லை, உள்ளது கலவையே. கலவை குழப்பமெனக் கொள்ளப்பட்டது. குழப்பம் தீர ஒரு மொழியைக் கைவிடுமாறு பெற்றோர்க்கு அறிவுரை கூறுவோரும் பலராயினர். பெரும்பாலும் கைவிடப்பட்டது வீட்டு மொழியே.

இக்கொள்கையை 1989இல் மொன்றியல் நகர ஆய்வாளர் பிரெட் ஜெனெசி வன்மையாக மறுத்தார். குழந்தை சொற்களைக் கலப்பதை மட்டும் எண்ணுவது போதாது. யாருடன் பேசும்போது எதனை வழங்குகின்றது எனப் பார்த்தல் வேண்டும் என்பது அவர் வாதம். 1995இல் அவரும் துணையாய்வாளரும் அவ்வாறே பார்த்தனர். ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தைகள் தாயுடன் தாய்பேசும் மொழியையும், தந்தையுடன் தந்தைபேசும் மொழியையும் மிகுதியாக வழங்கின. மயாமி நகரிலே பார்பரா பியர்சனும் பிறரும் 1993இல் சொற்கணக்கையே மாற்றினர். ஸ்பானியமும் ஆங்கிலமும் கேட்கும் குழவியின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் அது பின்தங்கியதாகத் தோன்றலாம். இரண்டிலும் எண்ணியபோது ஒருமொழிக் குழவிக்கு அது குறைந்ததன்று எனக் கண்டனர்.

ஆக, வரைவிலக்கணம் பேச்சினின்றும் கேள்விக்கு நகர்ந்தது. எப்பொழுது தொடங்கிய கேள்வி என்பதே அடுத்த வினா. பாரி மக்லாக்லின் 1978இல் மூன்று வயதை எல்லையாக்கினார். அதற்குமுன் இரண்டையும் கேட்டவன் ஒருங்கு கற்றவன். பின் கேட்டவன் அடுத்துக் கற்றவன். வசதி நோக்கி இட்ட கோடு இது; இயற்கை இட்டதன்று. 1990இல் அனிக் டி ஹூவர் மிகக் கண்டிப்பானார். முதன்மொழியைக் கேட்கத் தொடங்கி ஒரு கிழமைக்குள் மற்றதையும் கேட்ட குழந்தையே இருமொழிகளையும் முதன்மொழியாகப் பெற்றதெனக் கொண்டார்.

அந்த ஒரு கிழமையும் பிற்பட்டதோ என ஐயுற வைப்பது வான்கூவர் நகரில் நிகழ்ந்து 2010இல் வெளியான ஆய்வு. பிறந்து சில நாட்களேயான சிசுக்கள் சூப்பியை எத்துணை முறை வலிந்து உறிஞ்சுகின்றன என்பதை எண்ணி, அவற்றின் ஈடுபாட்டை ஆய்வாளர் அளந்தனர். கருவுற்ற காலத்தில் ஆங்கிலம் மட்டும் பேசிய தாயரின் சிசுக்கள் ஆங்கிலத்தையே விரும்பின. ஆங்கிலமும் பிலிப்பைன் நாட்டுத் தகாலோகும் பேசிய தாயரின் சிசுக்கள் இரண்டிலும் ஒப்ப ஈடுபட்டன. இரண்டையும் வேறுபடுத்தியும் அறிந்தன. ஹோகனின் அளவுகோலை வைத்து நோக்கின், இச்சிசுக்கள் இருமொழியாளராவதற்கு இன்னும் ஈராண்டளவு செல்லும்.